மானியம் எப்போ வரும்?

போன எபிசோடு வெளியான ரெண்டாவது நாள், லாஸ்பேட்டையிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சின்னக் கேள்விதான். "என்.ஜி.ஓ.ன்னா அரசு சாராத அமைப்புன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு அவங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கணும்? அரசாங்கத்துக்கிட்ட காசு வாங்கிட்டா, அப்புறம் எப்படி அரசு சாராதவங்க ஆவாங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. முப்பது நிமிஷம் ஆகும்னு நினைக்கிறேன். டீயோ காபியோ எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல நம்ம ஊர். பாண்டியில் உங்கள் தெருவில் சாக்கடை அடைச்சா யாரிடம் போவீங்க? சென்னையில் இருக்கிறவர்கள் கவுன்சிலர் வீட்டுக்குப் போவார்கள். நமக்குக் கவுன்சிலர் கிடையாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருஷம். 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி எல்லாம் அறிவிச்சாங்க, இடஒதுக்கீடு சம்பந்தமான வழக்கில் அது நின்று போனது. இத்தனைக்கும் 1880-லிருந்தே நகராட்சி இருந்த ஊர் இது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மேரி கட்டடம் பீச் ரோட்டில் இருந்தது. 2014 நவம்பரில் மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கட்டடம் திரும்பி வந்தது. அதில் உட்கார மேயர்தான் வரவில்லை.

இதை ஏன் சொல்றேன்னா, தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கம், மீனவர் கிராமப் பஞ்சாயத்து, ஏரி காக்கிற குழு, மகளிர் சங்கம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆகவே இங்கே சங்கங்களை யார் நடத்துகிறார்கள், எந்தக் காசில் நடத்துகிறார்கள் என்பது பொழுதுபோக்குக் கேள்வி கிடையாது.

ஒரு சின்ன வேடிக்கை. கோட்டக்குப்பத்தில் ஒரு சங்கம் ஆரம்பிச்சா அது 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்து முத்தியால்பேட்டைக்குள் வந்து அதே ஏழு பேர் ஆரம்பிச்சா, 1860-ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சட்டம். ஆங்கிலேயர் ஆளாத ஊரில் ஆங்கிலேயர் சட்டம், ஆங்கிலேயர் ஆண்ட ஊரில் புதுச் சட்டம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நல்ல உதாரணத்திலிருந்து தொடங்கலாம். வைசியாள் வீதி தெரியுமில்ல? இன்ஸ்டாவில் போட்டோ எடுக்கப் போவீங்களே, வரிசையாகத் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணுமாக, மாடியில் மட்டும் பிரெஞ்சு ஜன்னல்கள். போர்டில் கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்று இருக்கும். அந்தத் தெரு தானாக அப்படி நிற்கவில்லை. 2002-லிருந்து 2004 வரை ஏசியா அர்ப்ஸ் என்று ஒரு திட்டம் நடந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் பணம். ஆசிய நகரங்களும் ஐரோப்பிய நகரங்களும் ஜோடி சேர்ந்தால்தான் கொடுப்பார்கள். நம் நகராட்சியோடு சேர்ந்தது பிரான்ஸிலிருந்து வில்நவ்-சுர்-லோ, இத்தாலியிலிருந்து உர்பினோ. உள்ளூரில் வேலையைக் கையில் எடுத்தது இன்டாக் என்ற மரபுக் கட்டடப் பாதுகாப்பு அமைப்பின் புதுச்சேரிக் கிளை. இன்டாக் அரசுத் துறை இல்லை, பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பணம் போன வழி. வீடுகள் எல்லாம் தனியார் வீடுகள். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. "உங்க வீட்டு முகப்பைப் பழையபடி ஆக்கித் தர்றோம், செலவில் ஒரு பங்கு திட்டம் கொடுக்கும், ஒரு பங்கு நீங்க போடுங்க" என்று வீடு வீடாகப் பேச வேண்டும். ஒரு வீட்டில் நாலு அண்ணன் தம்பி பங்குதாரர்கள், ஒருவர் பாரிஸில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருப்பார். தாசில்தார் போய் நின்றால் அந்தக் கதவு திறக்குமா? "இடத்தை எடுத்துக்க வந்துட்டாங்க" என்றுதான் நினைப்பார்கள். சங்கத்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் திறக்கும். அதே சமயம், ஒரு சங்கம் தன் சொந்தச் சந்தாவில் ஒரு தெருவையே சீரமைக்க முடியாது. பொதுப் பணம், சங்கத்தின் முகம், வீட்டுக்காரரின் பங்கு, இந்த மூணும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. 2008-ல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

நேயர் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். சில வேலைகளை அரசாங்கம் தன் கையால் செய்தால் சரியாக வராது, ஆனால் அரசாங்கத்தின் பணம் இல்லாமலும் நடக்காது. இப்படிப்பட்ட வேலைகள் நீங்கள் நினைப்பதைவிட நிறைய இருக்கு. எச்.ஐ.வி. தடுப்பை எடுத்துக்கோங்க. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-லிருந்து இருக்கிறது. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் மத்தியில் வேலை செய்ய அது மாநில எய்ட்ஸ் சங்கங்கள் வழியாக உள்ளூர் அமைப்புகளுக்குத்தான் பணம் கொடுக்கிறது. போலீஸைப் பார்த்தாலே ஓடுகிறவர்கள் அரசு ஊழியரிடம் மனம் திறந்து பேச மாட்டார்கள் என்பது அரசுக்கே தெரியும்.

இப்போ பணம் எப்படி வருதுன்னு பார்ப்போம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு.

ரெண்டு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமை, ஒரு சின்ன அமைப்புக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேர் வேண்டாம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம். வாடகை வீடு. பதினாலு பிள்ளைகள், மூணு டீச்சர், ஒரு ஆயா, ஒரு வேன். நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், பிள்ளைகளின் பாட்டிகள்கூட. அவர்களுக்கு ஒரு அரசுத் திட்டத்தில் வருடாந்திர மானியம் அனுமதி ஆகியிருந்தது. எந்தத் துறை என்பதும் வேண்டாம், ஏன்னா இது ஒரு துறையின் கதை மட்டும் இல்லை.

அனுமதி ஆனது என்றால் பணம் வந்தது என்று அர்த்தம் இல்லை. மத்திய அரசில் இதற்கென்று பொது நிதி விதிகள் 2017 என்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. அதன்படி, போன வருஷம் வாங்கிய பணத்தைச் சொன்ன காரியத்துக்குத்தான் செலவு செய்தோம் என்று ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எல்லோரும் யூ.சி. என்பார்கள். தற்காலிக யூ.சி. கொடுத்தால்தான் இந்த வருஷப் பணம் நகரும். முக்கால் பங்குக்கு மேல் வேண்டுமென்றால், தணிக்கை முடிந்த கணக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விதி நியாயமானதுதான். மக்கள் பணம், கணக்குக் கேட்கத்தான் வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நடைமுறையில் என்ன ஆகும்? ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும். ஆடிட்டர் கையெழுத்து ஜூனில் கிடைக்கும். ஃபைல் போகும். ஒருத்தர் மையத்தை நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும், அவர் மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்தவர் வந்து, "இந்த வவுச்சர்ல ஸ்டாம்ப் இல்லையே" என்பார். தீபாவளி வரும், பொங்கல் வரும். நான் இருந்த ரெண்டாவது வருஷம் அந்தப் பணம் மார்ச் மாசம் கடைசி வாரத்தில்தான் வந்தது. அதாவது, ஏப்ரலிலிருந்து டீச்சர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் அடுத்த மார்ச்சில் வருகிறது. மார்ச் 31-க்குள் செலவாகாத பாக்கியை அடுத்த வருஷக் கணக்கில் கழிப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்தப் பதினொரு மாசம் எப்படி ஓடியது? அக்கா வளையலை அடகு வைத்தார். முதல்ல ரெண்டு, அப்புறம் நாலு. வேன் டிரைவர் டீசலைக் கடன் சொல்லிப் போட்டார். ஒரு டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு செப்டம்பரில் ஒரு தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வாடகை இருக்கு. ஆனால் அந்த டீச்சரிடம் ஒரு பையன் எட்டு மாசம் பழகி, தன் கையால் சோறு எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தான். புது டீச்சர் வந்ததும் அவன் தட்டைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். அவங்க அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மறுபடி மதியம் மதியம் வந்து ஊட்டிவிட்டுப் போனார். மானியம் தாமதம் என்று பேப்பரில் ஒரு வரி வருமில்ல, அதுக்குள்ள இவ்வளவு இருக்கு.

இதில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே பொது நிதி விதிகளில், மானியப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கும்போது வட்டி வந்தால், அந்த வட்டி அரசாங்கத்தைச் சேர்ந்தது, திருப்பிக் கட்டியாக வேண்டும் என்று இருக்கிறது. கட்டினோம். முன்னூத்திச் சொச்சம் ரூபாய். அதுக்கு ஒரு சலான், ஒரு கவரிங் லெட்டர். சரி. ஆனால் அரசாங்கம் தாமதமாகக் கொடுத்ததால் அக்கா கட்டிய அடகு வட்டி? அதை எழுத எங்கள் திட்டத்தின் செலவுத் தலைப்புகளில் இடமே கிடையாது. பணம் அவர்களுடையதாக இருக்கும்போது வட்டி அவர்களுக்கு. கடன் நம்முடையதாக இருக்கும்போது வட்டியும் நமக்கே. யோசித்துப் பாருங்க, அந்தப் பதினொரு மாசமும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தது அந்த மையம்தான், வட்டியில்லாமல்.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிற அளவுக்குக் கையில் சேமிப்போ, சொந்தக் கட்டடமோ, பின்னால் ஒரு பெரிய அறக்கட்டளையோ இருக்கிறவர்கள்தான் அரசு மானியத்தை நம்பி இறங்க முடியும். உண்மையில் மானியம் தேவைப்படுகிற சின்ன அமைப்பு ரெண்டாவது வருஷமே மூச்சு முட்டி விலகிவிடும். ஊழலைப் பற்றி எல்லோரும் பேசுவாங்க. போலிச் சங்கங்கள் இருக்கு, லெட்டர்பேடில் மட்டும் வாழ்கிற இல்லங்கள் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனால் போலி ஆட்களுக்குத் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க டீச்சர்களே இல்லையே.

சரி, நேயரின் ரெண்டாவது கேள்வி. காசு வாங்கினால் அரசின் கை உள்ளே வராதா? வரும். அதற்கு நம் பக்கத்திலேயே இந்தியாவின் மிகப் பெரிய உதாரணம் இருக்கு. ஆரோவில்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கியது. நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், வேர் பாண்டியில்தான். ஆரம்பத்தில் அதை நடத்தியது ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி என்ற சங்கம். யுனெஸ்கோ 1966-லேயே ஆதரவுத் தீர்மானம் போட்டது. மத்திய அரசும் சில மாநில அரசுகளும் நிதி கொடுத்தன. 1973-ல் அன்னை மறைந்த பிறகு, சொசைட்டிக்கும் ஆரோவில்வாசிகளுக்கும் சண்டை. பணத்தைத் தவறாகக் கையாண்டார்கள் என்று புகார் கிளம்பியது. 1976-ல் புதுச்சேரி துணைநிலை ஆளுநர் தலைமையில் ஒரு குழு போட்டு விசாரித்தார்கள். 1980-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, நிர்வாகத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. சொசைட்டி உச்ச நீதிமன்றம் போனது. அவர்களுடைய வாதம், நாங்கள் ஒரு மதப் பிரிவு, எங்கள் விஷயத்தில் அரசு தலையிட முடியாது என்பது. 1982-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. அரவிந்தரின் போதனை மதம் ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். 1988-ல் நிரந்தரமாக ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. இன்றுவரை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, அங்கிருந்து மானியம் வருகிறது.

கவனிங்க, அன்றைக்கு ஆரோவில்வாசிகளில் பலர் அரசு உள்ளே வந்ததை வரவேற்றார்கள். சொசைட்டியிடமிருந்து தங்களைக் காப்பாற்றியது என்று நினைத்தார்கள். சட்டமும் மூணு அமைப்புகளை வைத்தது. அரசு நியமிக்கும் ஆட்சிக் குழு, குடியிருப்போர் எல்லோரும் இருக்கும் பேரவை, ஒரு சர்வதேச ஆலோசனைக் குழு. முப்பது வருஷம் ஆட்சிக் குழு பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தது. 2021-ல் நிலைமை மாறியது. புதிய குழு, புதிய செயலர். கிரவுன் ரோடு என்ற வட்டச் சாலைக்காக அந்த டிசம்பரில் மரங்களை வெட்ட ஜேசிபி வந்தது. ஒரு தரப்பு சொல்கிறது: ஐம்பதாயிரம் பேருக்கான நகரம் என்றுதானே திட்டம், இன்றைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறீர்கள், அரசு இத்தனை வருஷம் பணம் கொடுத்தது எதற்கு? இன்னொரு தரப்பு: செம்மண் பொட்டலாக இருந்த இடத்தில் நாங்கள் நட்டு வளர்த்த காடு, எங்களைக் கேட்காமல் எப்படி வெட்டலாம்? பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் வேலைக்குத் தடைபோட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

யார் சரி என்பதற்கு தனி எபிசோடு வேண்டும். எனக்கு இதில் தெரிகிறது ஒன்றுதான். 1980-ல் உள்ளே வந்த கதவு 2021-லும் அதே கதவுதான். உங்களுக்குப் பிடித்தவர்கள் வரும்போது திறந்துவைத்தால், பிடிக்காதவர்கள் வரும்போது சாத்த முடியாது. கணக்குக் கேட்பது வேறு, நிர்வாகத்தை நடத்துவது வேறு. பணம் கொடுத்தவருக்கு முதலாவதற்கு முழு உரிமை உண்டு. ரெண்டாவதற்கு, பணத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி.

இதே மாதிரி, சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று 1098. குழந்தைகள் உதவி எண். 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ஒரு பரிசோதனைத் திட்டமாக ஆரம்பித்து, மத்திய அரசின் பணத்தில் உள்ளூர் அமைப்புகள் ஊர் ஊராக நடத்தியது. மிஷன் வாத்சல்யா வந்த பிறகு, 2023 வாக்கில் அதை மாநில, மாவட்ட நிர்வாகங்களே எடுத்துக்கொண்டன, 112-ஓடு இணைத்தார்கள். எண் அதேதான். போனை எடுக்கிறவர்களும், ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். சரி, அரசு செய்ய வேண்டிய வேலையை அரசு எடுத்துக்கொண்டது என்றும் இதைப் பார்க்கலாம். எது சரின்னு எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

உள்ளூர் அரசுப் பணம் வேண்டாம், வெளிநாட்டுப் பணம் வாங்கலாமே? பாண்டியில் அது ரொம்ப இயல்பான யோசனை. எத்தனை பிரெஞ்சுக் குடும்பங்கள் இங்கே ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாசாமாசம் அனுப்பிக்கொண்டிருந்தன! அந்தப் பக்கத்தைக் கட்டுப்படுத்துவது எஃப்.சி.ஆர்.ஏ. 1976-ல், நெருக்கடி நிலையின்போது வந்த சட்டம். 2010-ல் புதிதாக எழுதினார்கள், பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ஆனது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம்தான் பெரிய அடி. வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வந்தாலும் முதலில் டெல்லி பாராளுமன்ற வீதி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. முக்கியமாக, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எங்கே வலிக்கும் என்றால், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த பெரிய அமைப்பு பணம் வாங்கி, கிராமத்தில் வேலை செய்கிற பத்து சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது, அது அன்றோடு நின்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது ஓர் அடிப்படை உரிமை கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

"பிரான்ஸ்ல எல்லாம் இப்படியா?" என்று யாராவது கேட்பீங்க, பாண்டிக்காரங்க ஆச்சே. அங்கே 1901-ஆம் வருஷச் சட்டம். ரெண்டு பேர் சேர்ந்தாலே சங்கம் ஆரம்பிக்கலாம். வருஷத்துக்கு 23,000 யூரோவுக்கு மேல் அரசு உதவி கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும், எதற்கு, எவ்வளவு, எப்போது என்று. அந்த "எப்போது" எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் அங்கேயும் எல்லாம் சொர்க்கம் கிடையாது. 2021-ல் வந்த ஒரு சட்டப்படி, பொதுப் பணம் வாங்கும் சங்கங்கள் குடியரசின் கொள்கைகளை மதிப்போம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். 2022-ல் புவாத்தியே நகரில் ஒரு சூழலியல் குழு, ஒத்துழையாமைப் போராட்டம் பற்றிப் பயிலரங்கு நடத்தியது. மாவட்ட ஆட்சியர் மாதிரியான அதிகாரி, கொடுத்த மானியத்தைத் திரும்ப வாங்கச் சொன்னார். நகராட்சி மாட்டேன் என்றது. வழக்கு போனது, அடுத்த வருஷம் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. ஒத்துழையாமைன்னா என்னன்னு உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த நாட்டிலிருந்து இதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இன்னொரு வழி வரி. இது உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, குறிப்பாகப் புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு. 80ஜி பதிவு உள்ள அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. அதுவும் ஒருவகையில் அரசு மானியம்தான். யாருக்கு என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள், வரியில் ஒரு பகுதியை அரசு விட்டுக்கொடுக்கிறது. ஆனால் புதிய வரி முறையில் தனிநபர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான தேர்வு. நீங்களாகப் பழையதைக் கேட்டு வாங்கவில்லை என்றால், நீங்கள் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு அரசு ஒரு பைசா சேர்க்காது. இதை ஒருத்தரும் ஒரு விவாதமாகப் பேசினதா நான் கேட்கல. ஹங்கேரியில் 1996-லிருந்து வேறு மாதிரி. நீங்கள் கட்டும் வருமான வரியிலிருந்தே 1 சதவீதத்தை எந்த அமைப்புக்கு என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். உங்கள் கையிலிருந்து கூடுதலாக எதுவும் போகாது. இங்கே அப்படி வந்தால், அக்காவின் மையத்துக்கு அந்தத் தெருவே எழுதிக் கொடுத்திருக்கும்.

நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பற்றியும் கேட்பீங்க. லாபத்தில் 2 சதவீதம், 2014-லிருந்து சட்டக் கட்டாயம். நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்துக்குப் பெயர்ப்பலகை மாட்ட ஓர் இடம் வேண்டும். பெஞ்சு கொடுப்பார்கள், தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கொடுப்பார்கள், வேன்கூடக் கொடுப்பார்கள். வேன் டிரைவருக்கு மூணாவது வருஷம் சம்பளம் யார் கொடுப்பது என்றால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

கடைசியா, போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நாம் என்ன செய்யலாம் என்றும் அந்த நேயர் கேட்டிருந்தார். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அமைப்புகளின் பதிவு விவரம் இருக்கு, போய்ப் பாருங்க. வருஷத்துக்கு 25 லட்சத்துக்குக் குறையாத மானியம் வாங்கி, அது மொத்தச் செலவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால், அந்த அமைப்பின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரே தணிக்கை செய்ய முடியும். அப்புறம் 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: அரசால் கணிசமாக நிதியளிக்கப்படும் அமைப்பு, என்.ஜி.ஓ.வாக இருந்தாலும், தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும்.

ஆனால் அந்தச் சட்டத்தை எப்போதும் சங்கங்கள் பக்கம் மட்டும் திருப்பாதீங்க. துறைக்கும் ஒரு மனு போடலாம். இந்த நிதியாண்டில் எத்தனை அமைப்புகளுக்கு மானியம் அனுமதி ஆச்சு, எந்தத் தேதியில் அனுமதி, எந்தத் தேதியில் பணம் வங்கியில் இறங்கியது. அந்த ரெண்டு தேதிதான் வேணும், வேற எதுவும் கேட்க வேண்டாம். கட்டணம் பத்து ரூபாய். பதில் வந்தால் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. பத்து பதில் சேர்ந்தால் அதை வைத்தே ஒரு எபிசோடு பண்ணிடலாம்.